ஜெபத்தில் சின்னங்கள்: தவக்கால நாட்குறிப்பு

மார்ச் 5, 2025, புதன்

இன்று நெற்றியில் சாம்பல். அதே வழிபாட்டில் வாசிக்கும் மத்தேயு 6-ஆம் அதிகாரமோ, நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவு, ஊர் பார்க்க வாடிய முகம் காட்டாதே என்கிறது. சாம்பலை மறுக்கும் சபைகள் முதலில் எடுத்துக்காட்டும் பகுதி இது. இங்கிலாந்தில் 1548-இல் சாம்பல், குருத்தோலை, பிப்ரவரி மாத மெழுகுதிரிப் பவனி மூன்றும் ஒருசேரத் தடைசெய்யப்பட்டன.

இத்தாலியிலும் போலந்திலும் சாம்பலை நெற்றியில் பூசாமல் உச்சந்தலையில் தூவுவார்கள். கோவிலை விட்டு வெளியே வந்தால் யார் கண்ணிலும் படாது. நற்செய்தி வாசகத்தோடு அந்த முறைதான் நன்றாகப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். சின்னம் ஒன்றேதான், இடத்தை மாற்றினால் அதன் மேல் சொல்லப்படும் குறையில் பாதி விழுந்துவிடுகிறது. இந்தத் தவக்காலக் குறிப்புகள் முழுவதும் இதைத்தான் பின்தொடரப் போகிறேன். கிறிஸ்தவர்கள் சின்னங்களுக்காகப் போட்ட சண்டைகளில் பெரும்பாலானவை, சின்னத்தை எங்கே வைப்பது, அதன் முன் என்ன செய்வது என்பதில்தான் தீர்ந்தன, அல்லது முற்றின.

சாம்பல் தயாரிப்பவர்களுக்கு: போன ஆண்டு ஆசீர்வதித்த ஓலைகளை நன்றாகக் காயவிட்டு, சிறு துண்டுகளாக நறுக்கி, உலோகப் பாத்திரத்தில் எரிக்க வேண்டும். ஈரம் இருந்தால் பழுப்பாகக் கருகி நார் மிஞ்சும், நெற்றியில் ஒட்டாது. ஆறியபின் மெல்லிய சல்லடையில் இரண்டு முறை சலிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் குழைக்கவே கூடாது. சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் நீரில் கரைந்து காரமாகி, தோலைப் புண்ணாக்கிவிடும். தீர்த்தம் மேலே சில துளி தெளிப்பதோடு சரி. ஒட்ட வேண்டுமென்றால் ஒலிவ எண்ணெய் ஓரிரு சொட்டுப் போதும்.

மார்ச் 9, ஞாயிறு

கிழக்குத் திருச்சபைகளில் இன்று ஆர்த்தடாக்ஸ் வெற்றியின் ஞாயிறு. பேரரசி தியோடோரா 843-இல் திருவுருவங்களைக் கோவில்களுக்குள் திரும்பக் கொண்டுவந்ததன் நினைவு. அதற்கு முன் நூறு ஆண்டுகளுக்கு மேல் போராட்டம். 754-இல் ஹியேரியாவில் கூடிய சங்கம் உருவங்களைக் கண்டித்தது. 787-இல் நிசேயாவில் கூடிய இரண்டாம் சங்கம் அதை மறுத்தது. நிசேயா சொன்னது சுருக்கமானது: ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, உருவத்துக்குக் காட்டும் வணக்கம் அதில் வரையப்பட்டவரைச் சென்றடைகிறது. முத்தமிடலாம், தூபம் காட்டலாம், விளக்கேற்றலாம்.

ஆனால் கொள்கை எழுதினால் மட்டும் போதாது என்று பழைய திருச்சபைக்குத் தெரிந்திருந்தது. கொன்ஸ்தாந்தினோப்பிளில் 692-இல் கூடிய சங்கத்தின் 73-ஆம் விதி, சிலுவையைத் தரையில் பொறிக்கக் கூடாது, ஏற்கெனவே இருந்தால் அகற்ற வேண்டும் என்றது. வெற்றியின் அடையாளத்தைக் காலால் மிதிக்கக் கூடாதல்லவா. 82-ஆம் விதி, கிறிஸ்துவை ஆட்டுக்குட்டியாக வரைவதை விட்டு மனித உருவில் வரையச் சொன்னது. மேற்கு அந்த விதியை ஏற்கவில்லை. ஆட்டுக்குட்டி அங்கே இன்றும் பலிபீடங்களில் நிற்கிறது.

திருவுருவத்தின் முன் ஜெபிக்கும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. பெயர் எழுதாத உருவம் முழுமையானதல்ல; கிறிஸ்துவின் தலைக்கு இருபுறமும் பெயர்ச் சுருக்கம், ஒளிவட்டத்துக்குள் சிலுவைக் கோடுகள் இருக்க வேண்டும். முத்தம் கையிலோ பாதத்திலோ, முகத்தில் அல்ல. விளக்கைப் படத்தின் நேர் அடியில் வைத்தால் புகை ஏறி முகம் கறுத்துப்போகும். முன்புறமாகத் தள்ளி, திரியைச் சிறிதாக வெட்டி வைக்க வேண்டும். மேலே பூசும் ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சு தானாகவே காலப்போக்கில் கருமையாகும், தூசியையும் பிடித்துக்கொள்ளும். அதை ஈரத்துணியால் தேய்த்துத் துடைப்பவர்கள் முட்டைக்கரு வண்ணத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். உலர்ந்த மென்தூரிகை தவிர வேறெதையும் தொடவிடாதீர்கள்.

மார்ச் 23, ஞாயிறு

கிழக்கில் இன்று தவக்கால நடுவில் சிலுவை வணக்கம். ஆகவே கையால் வரையும் சிலுவை பற்றி.

கிழக்கு மரபில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றின் நுனிகளும் சேரும்: மூவொரு கடவுள். மற்ற இரண்டும் உள்ளங்கையில் மடங்கும்: கிறிஸ்துவின் இரு இயல்புகள். நெற்றி, மேல்வயிறு, வலது தோள், இடது தோள். மேற்கில் திறந்த கை. இடது தோள் முதலில். அங்கேயும் முன்பு வலமிருந்து இடமாகவே வரைந்தார்கள் என்பதற்கு திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் எழுதிய விளக்கம் சான்று.

ரஷ்யாவில் இதற்காக ரத்தம் சிந்தியது. 1551-இல் மாஸ்கோ சங்கம் இரண்டு விரலால் வரையாதவர்களைச் சபித்தது. 1653-இல் மறைமுதுவர் நிக்கோன் கிரேக்க வழக்கப்படி மூன்று விரல் என்று ஆணையிட்டார். 1666-67 சங்கம் பழைய முறையை விடாதவர்களைச் சபித்தது. அவர்களுடைய தலைவர் அவ்வாக்கும் 1682-இல் எரித்துக் கொல்லப்பட்டார். அந்தச் சாபம் 1971-இல்தான் நீக்கப்பட்டது. இதில் நெஞ்சை அறுப்பது என்னவென்றால், இரண்டு விரல்காரர்களும் அதே இரு உண்மைகளைத்தான் விரல்களில் வைத்திருந்தார்கள்: நீட்டிய இரண்டில் இரு இயல்புகள், சேர்த்த மூன்றில் மூவொருவர். விசுவாச அறிக்கையின் சொற்களில் சிறு வேறுபாடுகள் இருந்தன, ஆனால் விரல்கள் சொன்ன உண்மை ஒன்றே.

இங்கிலாந்தில் கதை வேறு விதமாக முடிந்தது. ஞானஸ்நானத்தில் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைவதை நீக்கக் கோரி 1603-இல் பியூரிட்டன் போதகர்கள் (கத்தோலிக்கச் சடங்குகள் எதுவும் மிஞ்சக் கூடாது என்றவர்கள்) அரசர் ஜேம்ஸிடம் மனுக் கொடுத்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் 1604 விதித்தொகுப்பில் 30-ஆம் விதி அதை நீக்க மறுத்தது. ஆனால் தெளிவாக ஒன்றைச் சொன்னது: குழந்தை தண்ணீரால் முழு ஞானஸ்நானம் பெற்ற பிறகே சிலுவை வரையப்படுகிறது, ஞானஸ்நானத்துக்கு அது எதையும் கூட்டுவதில்லை. 1549 ஜெபப் புத்தகத்தில் தொடக்கத்தில் இருந்த அந்தச் செயல், 1552-இலேயே தண்ணீருக்குப் பின் நகர்ந்துவிட்டது. மறுத்தவர்கள் எல்லோரும் சமாதானமாகவில்லை. ஆயினும் இந்த வரிசையைப் பார்க்கும் எவரும் எது அருட்சாதனம், எது அடையாளம் என்று குழம்ப முடியாது. லூத்தரோ 1529-இன் சிறிய ஞானோபதேசத்தில் காலையும் மாலையும் எழுந்தவுடன், படுக்குமுன் சிலுவை வரையச் சொல்கிறார். சீர்திருத்தம் என்றாலே சிலுவை அடையாளத்துக்கு எதிர்ப்பு என்று நினைப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

வழக்கமான பிழை அவசரம். நான்கு இடங்களும் தொடாமல் மார்பில் ஒரு சிறு வட்டமாகச் சுருங்கிவிடும். பிதா என்னும்போது கை நெற்றியில், சுதன் என்னும்போது வயிற்றின் மேல், தூய ஆவி என்னும்போது தோள்களில் இருந்தால் போதும். வேகம் தானே குறையும்.

ஏப்ரல் 2, புதன்

வடிவம் ஒன்றே, பயன்பாடு வேறு என்பதற்கு மூன்று சான்றுகள். தலைகீழ்ச் சிலுவை பேதுருவின் சின்னம். தலைகீழாக அறையப்பட்டார் என்பது மூன்றாம் நூற்றாண்டுக்கே தெரிந்த மரபு. 2000-இல் இரண்டாம் யோவான் பவுல் இஸ்ரயேலில் அமர்ந்த நாற்காலியில் அது இருந்ததற்காகச் சிலர் கொந்தளித்தார்கள்; தேவையில்லாத கொந்தளிப்பு. முனைகள் மடிந்த சிலுவை, அதாவது ஸ்வஸ்திகா வடிவம், ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில் இருக்கிறது. 1930-களில் நாசிகளை ஆதரித்த 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' இயக்கம் ஸ்வஸ்திகாவைச் சிலுவையோடு சேர்த்த பிறகு அதை ஜெபக்கூடத்தில் புதிதாக வைக்க எந்தத் தொல்லியல் நியாயமும் போதாது. 1934 மே மாதம் அந்த இயக்கத்தை எதிர்த்த சபையினர் ஜெர்மனியின் பார்மனில் வெளியிட்ட அறிக்கை, திருச்சபைக்குக் கிறிஸ்து ஒருவரே தேவ வார்த்தை, அவரோடு வேறு சக்திகளையோ தலைவர்களையோ வெளிப்பாடாக ஏற்க முடியாது என்று மறுத்துரைத்தது. சின்னங்களுக்கும் அதுவே அளவு.

மூன்றாவது, இயேசுவின் பெயர்ச் சுருக்கம். இத்தாலிய மறைபோதகர் சியென்னாவின் பெர்னார்டின் அதைப் பலகையில் கதிர்கள் சூழ எழுதி மறையுரை முடிவில் உயர்த்திக் காட்டுவார், மக்கள் மண்டியிடுவார்கள். சிலை வழிபாடு என்று புகார் போய், 1427-இல் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் ரோமுக்கு அழைத்து விசாரித்து, குற்றமில்லை என்று விடுவித்தார்.

நாட்டுக்கொடி, கட்சிச் சின்னம், சங்கத்தின் பதாகை: இவை பலிபீடத்துக்கும் மக்களுக்கும் நடுவிலோ சிலுவைக்குப் பக்கத்திலோ நிற்கக் கூடாது. குரு தலைவணங்கும் திசையில் எது நிற்கிறதோ அதையும் சேர்த்தே வணங்கியதாக மக்கள் பார்க்கிறார்கள். முகமண்டபத்தில் வைத்தால் போதும்.

ஏப்ரல் 5, சனி

நாளை தவக்கால ஐந்தாம் ஞாயிறு. ஊதாத் துணியால் மூடும் வழக்கமுள்ள இடங்களில் இன்றே வேலை. சிலுவைகள் புனித வெள்ளி வழிபாடு முடியும்வரை மூடியிருக்கும். சுரூபங்கள் பாஸ்கா திருவிழிப்பு (உயிர்ப்புக்கு முந்தைய இரவு வழிபாடு) தொடங்கும்வரை. சிலுவைப்பாதை நிலைகளை மூடுவதில்லை. துணி ஒளி ஊடுருவாததாக, சித்திர வேலை இல்லாததாக இருக்கட்டும். வெள்ளியன்று திறக்கப்போகும் சிலுவைக்குக் குண்டூசி வேண்டாம்: உச்சி, வலக்கை, மீதி என மூன்று இடத்தில் இழுத்தால் அவிழும் முடிச்சு போடுங்கள். நடுவழிபாட்டில் குருவானவர் ஊசி தேடுவது பரிதாபம்.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

எருசலேமில் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இதே நாளை எகேரியா என்ற பெண் பயணி எழுதிவைத்திருக்கிறார். ஆயர் அமர்ந்து மரத்தின் இரு முனைகளையும் பிடித்திருப்பார், மக்கள் ஒவ்வொருவராக வந்து நெற்றியாலும் கண்களாலும் தொட்டு முத்தமிடுவார்கள், கையால் தொடுவதில்லை. யாரோ ஒருவர் கடித்து ஒரு துண்டைக் கொண்டுபோனதால் திருத்தொண்டர்கள் சுற்றிலும் காவல் நிற்பார்களாம்.

இன்றைய கத்தோலிக்க முறை: "திருச்சிலுவை மரம் இதோ" என்று மூன்று முறை பாட, ஒவ்வொரு முறையும் ஒரு பகுதி திறக்கும், எல்லோரும் மண்டியிட்டு மௌனம். முத்தமிட ஒரே சிலுவைதான். வரிசை நீளம் என்று நான்கு சிலுவை வைப்பது நல்லெண்ணத்தில் செய்யும் பிழை. கூட்டம் மிகுந்தால் சிலர் வணங்கியபின் குரு சிலுவையை உயர்த்திப் பிடிக்க, மற்றவர்கள் இருந்த இடத்திலேயே மௌனமாக வணங்கலாம். இன்றைய வழிபாட்டிலிருந்து நாளைய திருவிழிப்பு தொடங்கும்வரை அந்தச் சிலுவையைக் கடப்பவர்கள் முழங்காலிடுவார்கள். ஆண்டின் பிற நாட்களில் தலைவணக்கம் மட்டுமே. பல சீர்திருத்த சபைகளில் இன்று சிலுவையின் ஏழு வார்த்தைகளே தியானம். காதால் கேட்கும் சிலுவை அது.

ஏப்ரல் 19, சனி இரவு

இந்த ஆண்டு கிழக்கும் மேற்கும் ஒரே நாளில் உயிர்ப்பைக் கொண்டாடுகின்றன.

பாஸ்கா திரியை, அதாவது இந்த இரவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரியை, தயாரிக்கும் வரிசை: முதலில் நெடுக்குக் கோடு, பிறகு குறுக்குக் கோடு. மேலே அல்ஃபா, கீழே ஒமேகா. ஆண்டின் நான்கு எண்கள்: 2 மேல் இடம், 0 மேல் வலம், 2 கீழ் இடம், 5 கீழ் வலம். ஐந்து சாம்பிராணி மணிகள்: உச்சி, நடு, அடி, இடம், வலம். திரி மெழுகாலானது, ஆண்டுக்கு ஒன்று, கோவிலுக்கு ஒன்று. எண்ணெய் நிரப்பிய நெகிழிக் குழாய் எரியும்போதும் குறையாது. தன்னையே கரைத்து ஒளி தருவது என்ற பொருள் அங்கே போய்விடுகிறது. போன ஆண்டுத் திரியில் கடைசி எண்ணைச் சுரண்டி 5 ஒட்டுவதும் கூடாது. மெழுகு குளிர்ந்திருந்தால் கத்தி பட்டுச் சில்லுச் சில்லாகப் பெயரும், ஆகவே கோடுகளை முன்பே லேசாகக் கீறி வைத்திருந்து, சடங்கில் அதன் மேல் கத்தியை ஓட்ட வேண்டும். மணிகளுக்கான துளைகளைச் சூடான ஊசியால் முன்பே இட்டு வைக்கலாம்.

பெந்தகோஸ்து முடிந்ததும் திரி ஞானஸ்நானத் தொட்டியருகே போகும். அங்கிருந்து திருமுழுக்குக்கும் அடக்கச் சடங்குக்கும் மட்டுமே அதை ஏற்ற வேண்டும்.