பதினோராம் மாடிக்கு ஒரு நாய்க்குட்டி

வரும் சனிக்கிழமை சிங்கப்பூர் யீஷூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு ஷிட்சூ குட்டி வருகிறது. இரண்டரை மாதக் குட்டி. என் மனைவியோடு வேலை பார்ப்பவர் தரைவீட்டில் இருக்கிறார், அவர் வீட்டு நாய் ஈன்றது. பெயர் இன்னும் முடிவாகவில்லை. வீட்டில் நான்கு பேர், மூன்று கட்சி.

மகள் முதலில் ஆசைப்பட்டது கோர்கி. எங்களுடையதுபோன்ற வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில், ஒரே ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். கோர்கி அதில் இல்லை, பீகிளும் இல்லை. 2012-இல் தொடங்கிய 'அடோர்' திட்டத்தின் வழியாக, காப்பகங்களிலிருந்து நடுத்தர உயரமுள்ள கலப்பின நாய்களையும் தத்தெடுக்கலாம். எனக்கு அதில்தான் மனம் இருந்தது. ஆனால் அம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு, இரண்டு முட்டியும் போய்விட்டது. பெரிய நாய் ஆசையாக மேலே தாவினால்கூட விழுந்துவிடுவார். அதனால் ஷிட்சூ.

நான் லிஃப்ட் பராமரிப்பு வேலை செய்பவன். புது லிஃப்ட் பெட்டி வந்து இறங்குமுன் அது ஏறி இறங்கப்போகும் குழியைத்தான் நாங்கள் முதலில் அளப்போம். பெட்டி எவ்வளவு பளபளப்பு என்பதெல்லாம் பிறகு. குட்டி விஷயத்திலும் எனக்கு அதே புத்திதான். மகள் ஷாப்பீ இணையக் கடையில் படுக்கை, கிண்ணம், பிறந்தநாள் தொப்பி என்று கூடையை நிரப்பிக்கொண்டிருந்த நேரத்தில், நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரவேற்பறைத் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "காசு ஏதும் விழுந்திருச்சாடா?" என்றார்.

காசு விழவில்லை. ஆனால் சோபாவுக்கு அடியில் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை ஒன்று, ரப்பர் பேண்டுகள், ஒரு பொத்தான் பேட்டரி, மகள் தேடிக்கொண்டிருந்த காதணி எல்லாம் கிடைத்தன. இத்தனையும் ஒரு குட்டியின் வாய் உயரத்தில். பொத்தான் பேட்டரி தொண்டையிலோ வயிற்றிலோ சிக்கினால் உள்ளே திசுவையே அரித்துவிடும். மாத்திரை சங்கதி அதைவிடக் கஷ்டம், ஏனென்றால் அம்மாவின் விரல்கள் நடுங்கும், மாத்திரை அடிக்கடி நழுவும். பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறோம். இனி மாத்திரையைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, விளிம்பு உயர்ந்த தட்டுக்கு மேல்தான் பிரிப்பார். சோபாவில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பிரிப்பது கிடையாது. நாடகம் ஓடும்போது இது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று பார்க்கலாம்.

வயர்களுக்கு பிளாஸ்டிக் மூடுகுழாய் போட்டாயிற்று. அது எனக்குப் பொழுதுபோக்கு, அதைப் பற்றிச் சொன்னால் நிறுத்த மாட்டேன். பால் பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் நான்காவது மாதத்தையொட்டிக் குட்டிகள் எதையும் கடிக்கும், மின்கம்பியையும்தான் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

சமையலறைக்கு வருவோம். சாக்லேட் கூடாது, திராட்சை கூடாது, சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் சேர்த்த இனிப்பு கூடாது என்று எல்லாப் பட்டியலும் சொல்கிறது. சரிதான். சாதாரணச் சூயிங்கம் இங்கே விற்பனைக்கு இல்லை, ஆனால் சர்க்கரை இல்லாத மிட்டாய் எங்கள் வீட்டில் உண்டு. என் நீரிழிவு அப்படி. ஆனால் அந்தப் பட்டியல்களை எழுதியவர்கள் நம் வீட்டு அடுப்பைப் பார்த்ததில்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பச்சையாக இருந்தாலும் வெந்திருந்தாலும் பொடியாக இருந்தாலும் அதே கதைதான். அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டில் சாம்பார் கிடையாது, பூண்டு ரசம் கிடையாது, கறிக்குழம்பு எலும்பு கிடையாது, வடை கிடையாது. பாயசத்தில் உலர்திராட்சை இருக்கிறது, அது சிறுநீரகத்தைத் தாக்கும். எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மிஞ்சுவது இட்லி, வெறும் சோறு, வேகவைத்த கேரட். அதுவும் நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் படாத இட்லி.

இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. வீட்டுக்குள் நாய் வேண்டாம் என்று ஆரம்பத்தில் அதிகம் எதிர்த்தவர் அம்மா. குட்டி வந்ததும் முதலில் ஊட்டப் போகிறவரும் அவர்தான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மகள் ஆங்கிலத்தில் அச்சடித்து ஒட்டிய தாளால் அம்மாவுக்கு ஒரு பயனும் இல்லை. அதனால் குளிர்பெட்டிக் கதவில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டினேன். "வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், காப்பித்தூள் ஆகாது" என்று மட்டும் எழுதினால் போதாது. "சாம்பார், ரசம், குழம்பு, பாயசம் ஆகாது" என்று பண்டத்தின் பெயரையே எழுத வேண்டும். அம்மாவுக்குச் சாம்பார் என்பது சாம்பார்தான், அதில் வெங்காயம் இருப்பது அவர் கணக்கில் வராது.

அடுத்தது சாமி அலமாரி. எங்களுடையது பழைய மர அலமாரி, கீழ்த்தட்டு என் முழங்காலுக்கும் கீழே. கற்பூர டப்பா, திரிக் கட்டு, நல்லெண்ணெய் பாட்டில் எல்லாம் அங்கேதான் இருந்தன. கற்பூரம் நாய்க்கு நஞ்சு. திரி நஞ்சில்லை, ஆனால் நூல் வகை எதை விழுங்கினாலும் அது குடலைச் சுருக்கி இழுத்துவிடும், கடைசியில் அறுவைச் சிகிச்சை வரை போகலாம். தேக்கா சந்தையில் வாங்கும் மாலையில் மல்லிகை இருந்தால் பயமில்லை. அரளி இருந்தால் அந்த மாலை வாடிக் கீழே உதிரும்வரை விட்டுவைக்கக் கூடாது, அரளி இதயத்தையே தாக்கும். எல்லாவற்றையும் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு, கீழ்த்தட்டுக்கு ஒரு கதவும் கொக்கியும் போட்டேன். அம்மாவின் பட்டுப்புடவைப் பெட்டியில் இருந்த அந்துருண்டைகளை எடுத்து எறிந்துவிட்டோம். அதற்குக் கொஞ்சம் சண்டை நடந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் நேரத்தில் குட்டி மகள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும். ஷிட்சூவுக்கு மூக்கே குட்டை, புகையில் மூச்சு வாங்கும்.

அந்தக் குட்டை மூக்குதான் வெயிலிலும் வில்லங்கம். நாய்கள் இரைத்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றும். மூக்கும் தொண்டையும் குறுகிய இனங்களுக்கு அது சரியாக வராது, காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் இன்னும் வராது. சிங்கப்பூரில் ஈரம் இல்லாத நாள் எது? எங்கள் வரவேற்பறை மேற்குப் பார்த்தது. பிற்பகல் மூன்று மணிக்கு அந்தத் தரையில் நானே நிற்க மாட்டேன். அதனால் குட்டியின் கம்பி வேலிக்கு வரவேற்பறை கிடையாது, சமையலறையை ஒட்டிய நிழல் பக்கம்தான். சேமிப்பறையாக வைத்திருக்கும் பாம் ஷெல்டரில், அதாவது வீட்டுப் பதுங்கறையில், கூண்டை வைக்கலாமே என்றான் என் மைத்துனன். சன்னல் இல்லாத சிமெண்ட் பெட்டி, அதற்கு அவ்வளவு கனமான இரும்புக் கதவு. அதில் ஒரு பிஞ்சுப் பாதம் மாட்டினால் என்ன ஆகும்? வேண்டவே வேண்டாம்.

வெளி நடைபாதையில் வேலி போடுவதும் முடியாது. தீ நேரத்தில் ஓட 1.2 மீட்டர் வழி விட வேண்டும். அதோடு அது எல்லாருக்கும் பொது இடம். பக்கத்து வீட்டு மலாய் அம்மா மக்சிக் இருபது ஆண்டுப் பழக்கம், நோன்புப் பெருநாளுக்கு எங்களுக்குக் குவே பலகாரம் கொடுத்துவிடாமல் இருந்ததில்லை. நாயின் எச்சில் பட்டால் அவர்களுக்குக் கழுவும் முறை தனி. குட்டி வருவதற்கு முன்பே நானும் மனைவியும் போய்ச் சொல்லிவிட்டோம். எங்கள் இரும்புக் கேட்டின் அடிப்பகுதிக்கு வலை கட்டியாயிற்று, அதனால் கம்பி இடுக்கு வழியாக வெளியே நழுவாது. நடைபாதையில் அதைத் தூக்கிக்கொண்டுதான் போவோம், உங்கள் செருப்புப் பக்கம் வராது என்றோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, "ராத்திரி குரைக்குமா?" முதல் சில இரவுகள் அழும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். தாயை விட்டு வந்த குட்டி தனியறையில் இன்னும் அதிகமாக அழும் என்பதால் கூண்டு எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும்.

லிஃப்ட் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். வேறு யாரும் இதைப் போதுமான அளவுக்குச் சொல்வதில்லை.

லிஃப்ட் கதவின் விளிம்பில் அகச்சிவப்புக் கதிர்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பாய்ந்துகொண்டிருக்கும். ஆளோ தள்ளுவண்டியோ குறுக்கே வந்தால் கதிர் மறைந்து கதவு திறந்துகொள்ளும். நாயின் கயிறு மெல்லியது. அதைக் கதிர் உணரும் என்று நம்பி எதையும் பணயம் வைக்கக் கூடாது. நாய் உள்ளே ஓடிவிட, பிடித்திருப்பவர் கைப்பேசியைப் பார்த்தபடி வெளியே நிற்க, கதவு மூடிப் பெட்டி நகர்ந்தால், கயிறு கழுத்தை இழுக்கும். இழுக்கிற மோட்டாருக்கு மறுமுனையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எங்கள் வீட்டில் இதற்குத் தனிச் சட்டமே போட்டிருக்கிறேன். லிஃப்டுக்கு முன்னால் நின்றதும் குட்டி கைக்கு வந்துவிட வேண்டும், பத்துக் கிலோ ஆனாலும் சரி. தூக்க முடியாதவர் கயிற்றைச் சுருட்டிக் கழுத்துக்குப் பக்கத்தில் பிடித்து, காலோடு காலாக ஒன்றாக நுழைய வேண்டும். கைப்பேசி பைக்குள். நாய் இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகும் கயிறு எங்கள் வீட்டுக்குள் வராது. மகள் ஏற்கெனவே ஒன்றை வாங்கியிருந்தாள், திருப்பி அனுப்பினோம். கழுத்துப் பட்டை பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த தகட்டுக்கு மட்டும்தான். கயிறு மாட்டுவது மார்புப் பட்டையில். குட்டை மூக்கு நாய்க்குக் கழுத்தை அழுத்துவதே ஆகாது.

மற்ற சாமான்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கம்பி வேலி, கூண்டு, கனமான தண்ணீர்க் கிண்ணம், சிறுநீர் விரிப்பு, கடிக்க ரப்பர் பொம்மை. வழுக்கும் ஓட்டுத் தரைக்கு ரப்பர் பாய். குட்டி இப்போது தின்னும் அதே உணவில் ஒரு பை. சாப்பாட்டைத் திடீரென்று மாற்றினால் வயிற்றோட்டம் வரும், மாற்றுவதானால் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் மாற்ற வேண்டும். சிறுநீர்க் கறைக்கு என்சைம் திரவம். அமோனியா வாசனையுள்ள தரைத் திரவம் கூடாது, அந்த வாசனை சிறுநீர்போலவே இருப்பதால் அதே இடத்துக்குத் திரும்பி வரும். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் கழுவி நிரப்ப வேண்டும், இது குட்டிக்காக மட்டுமல்ல, டெங்கிக்காகவும். கொசு நாய்க்கு இதயப்புழுவையும் கொண்டுவருகிறது, அதற்கு மாதாமாதம் மருந்து உண்டு. சட்டை, தொப்பி, தள்ளுவண்டி மூன்றையும் நான் வெட்டிவிட்டேன். தள்ளுவண்டி மட்டும் எப்படியோ திரும்பி வந்துவிடும் என்று தோன்றுகிறது.

உரிம வேலைகள் மகள் பொறுப்பு. முதல்முறை நாய் வளர்ப்பவர்களுக்கான இலவச இணையப் பாடத்தை அவள் முடித்துவிட்டாள். மூன்று மாதம் தாண்டிய நாய்க்கு உரிமம் கட்டாயம், மைக்ரோசிப்பும் வேண்டும். உரிமம் இல்லாவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90.

எனக்குக் குழப்பமாக இருந்தது தடுப்பூசிக் கணக்குதான். ஊசிகள் சில வார இடைவெளியில் ஏறக்குறைய 16 வாரம் வரை நீளும். அதுவரை மற்ற நாய்கள் உலாவும் தரையில் விடக் கூடாது, பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். ஆனால் உலகத்தைப் பார்த்துப் பயப்படாமல் பழகும் பருவமோ 14 வாரத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. வழி என்னவென்றால், துணித் தூளியில் போட்டுத் தூக்கிக்கொண்டே சுற்றுவது. சாயங்காலம் ஏழுக்கு மேல் வெயில் தணிந்ததும் புளோக்குக்குக் கீழே போய் உட்காரலாம். எம்ஆர்டி ரயில் தண்டவாளச் சத்தம், பேருந்து பிரேக், பழைய சாமான் வாங்கும் காரங்குனிக்காரர் ஹார்ன், கீழ்த்தளத்தில் கல்யாணமென்றால் கொம்பாங் மேள முழக்கம் எல்லாம் அதன் காதில் விழட்டும். தூக்கும் வேலையை மனைவி கேட்டிருக்கிறார், அம்மாவும் கேட்டிருக்கிறார், மகள் தனக்கே என்கிறாள்.

பேருந்திலும் ரயிலிலும் நாயைக் கொண்டுபோக முடியாது, வழிகாட்டி நாய்களுக்கு மட்டும்தான் விலக்கு. அதனால் திங்கள் காலை மருத்துவரிடம் போக, நாய் ஏற்றும் வாடகைக் கார் ஒன்றை முன்பதிவு செய்திருக்கிறேன், சாதாரணக் கட்டணத்தைவிட அதிகம்தான். இரவில் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனையின் எண்ணை நாலு பேர் கைப்பேசியிலும் ஏற்றியாயிற்று. அம்மாவுடையதில் முதல் பொத்தானே அதுதான். திங்களுக்கு விடுப்பு கேட்டபோது காரணம் என்ற கட்டத்தில் 'குடும்ப மருத்துவம்' என்று எழுதினேன். மேற்பார்வையாளர் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பதறிப்போய்ப் போன் செய்தார், குட்டியின் படத்தை அனுப்பி வைத்தேன். விடுப்பு கிடைத்துவிட்டது, செவ்வாய்க்கிழமை குட்டியை வேலையிடத்துக்குக் கூட்டிவந்து காட்ட வேண்டுமாம்.