மாமா வீட்டு வைஃபையில் ஒரு ஜெராக்ஸ் மிஷின்

மதுரையில் மாமா வீட்டுக்குப் போனால் முதலில் காபி வரும். இந்த முறை டைரி வந்தது.

"மாப்பிள்ளை, நம்ம நெட்டை எவனோ திருடுறான். பாருங்க இதை."

ரூட்டர் ஆப்பில் முளைத்த புதுக் கருவிகளையெல்லாம் கிழமை போட்டு எழுதியிருந்தார். திங்கள்: நோக்கியா. செவ்வாய்: சோனி. புதன்: ஜெராக்ஸ். புதனுக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர்தான் ஆள் என்று முடிவே கட்டிவிட்டார். பாஸ்வேர்டையும் தினம் மாற்றியிருக்கிறார். மாற்றிய கையோடு மகனைக் கூப்பிட்டுப் புதிதைச் சொல்லியும் இருக்கிறார், பையன் படிக்க வேண்டுமே!

பையன் இன்ஜினியரிங் முதல் வருஷம். எதிரிலேயே உட்கார்ந்து லேப்டாப்பில் கிரிக்கெட் ஹைலைட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். ஆப்பிலோ அவன் லேப்டாப் 'ஆஃப்லைன்' என்று சாம்பல் நிறத்தில் கிடந்தது. எனக்குப் பொறி தட்டியது. அவனை மொட்டைமாடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். விஷயம் வெளியே வந்தது.

இரவு 10 மணிக்கு அவன் லேப்டாப்புக்கு மட்டும் நெட் நின்றுவிடும்படி மாமா ரூட்டரில் பூட்டு போட்டிருக்கிறார். அந்தப் பூட்டு லேப்டாப்பை அடையாளம் காண்பது மேக் முகவரியை வைத்து, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணை வைத்து. எண்ணும் ஆங்கில எழுத்துமாக மொத்தம் 12 இலக்கம். முதல் 6 எந்தக் கம்பெனிச் சரக்கு என்று சொல்லிவிடும். அசல் முகவரி வைஃபை கார்டிலேயே பதிந்திருக்கும். ஆனால் விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் மேக்சேஞ்சர் என்று ஒரு குட்டி நிரல் உண்டு. அசலுக்கு மேல் வேறொரு முகவரியைப் போர்த்திவிடும், கம்பெனியையும் அதுவே குலுக்கல் முறையில் எடுக்கும். ரீஸ்டார்ட் செய்தால் போர்வை கலைந்துவிடும் என்பதால், பூட் ஆகும்போதே, நெட்வொர்க் கண் விழிக்கும் முன்பே அது தானாக ஓடும்படி ஒரு சர்வீஸ் எழுதி வைத்திருந்தான். கணினியின் பெயர் ரூட்டருக்குப் போகாமலும் நிறுத்தியிருந்தான். இந்த அக்கறையைக் கணக்குப் பாடத்தில் காட்டியிருந்தால் அரியர் விழுந்திருக்காது.

"அப்பாகிட்ட சொல்லிராதீங்க அத்தான்."

சொல்லவில்லை. கீழே வந்தால் மாமாவே அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தார். பட்டியலில் உள்ள முகவரிகளை மட்டும் உள்ளே விடும் வசதியைக் கண்டுபிடித்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஃபோனில் 'ஃபோனைப் பற்றி' பக்கத்தைக் கண்ணருகே பிடித்து, எழுத்தெழுத்தாகச் சொன்னார். "பி... பாம்பே பி. அப்புறம் எட்டு." தட்டச்சு செய்தது யார்? மகனேதான். அத்தை ஃபோன், டிவி எல்லாம் ஏறின.

2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், ஃபோன்கள் வைஃபைக்குக் கொடுப்பதே பெரும்பாலும் ஒரு பொய் முகவரிதான். மாமா வாசித்தது அசல். ரூட்டர் அந்த அசலுக்காக வாசலைத் திறந்து வைத்துக் காத்திருக்க, மாமாவின் ஃபோன் பொய்யைச் சொல்லி வெளியே நின்றது. அந்த அசல் முகவரியை யாருமே பயன்படுத்தவில்லை என்பது தட்டச்சு செய்தவனுக்கு மட்டும் உறைத்தது. குலுக்கலை நிறுத்திவிட்டு அதையே லேப்டாப்புக்குப் போட்டுவிட்டான்.

இரவு பத்தரைக்கு மாமா, மொபைல் டேட்டாவில் ரூட்டர் ஆப்பைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"மாப்பிள்ளை, 'அப்பா ஃபோன்' ஆன்லைன்னு காட்டுது. 2 ஜிபி ஓடியிருக்குங்குது. எனக்கு ஒரு வாட்ஸ்அப்கூட வைஃபையில வரலையே?"

உள்ளறையிலிருந்து குரல் வந்தது: "ஃபோன் பழசாயிருச்சுப்பா, புதுசு வாங்குங்க."