இரண்டாம் போல்ட்

மார்ச் 2
படகின் பாய்மரம் இறங்கிவிட்டது. கிரேன் இழுக்க இழுக்க அடிக்கால் மட்டும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. கடைசியில் படக்கென்று ஒரு சத்தம். உள்ளே இறங்கிப் பார்த்தால், அது உட்கார்ந்திருந்த தட்டின் மேல் வெள்ளைப் பொடியும் செதில் செதிலாகத் துருவும். இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன்.

மார்ச் 3
பில்ஜில், அதாவது படகின் அடிவயிற்றில், நின்ற தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லை. மழைத்தண்ணீர்தான், பாய்மரத்தின் உள்கூடு வழியாக இறங்கியது. அடிக்காலில் இருந்த வடிகால் துளை எப்போதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. நிம்மதியாகத் தூங்கலாம்.

மார்ச் 4
தூக்கம் வரவில்லை. அந்தத் தட்டைப் பற்றியே யோசனை.

அலுமினியப் பாய்மரம், கீழே இரும்புத் தட்டு, நடுவே வருடக்கணக்கில் ஈரம். மூன்றும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி, அதில் கரைவது அலுமினியம். தட்டின் அடிப்பக்கம் தனியாகத் துருப்பிடித்து உப்பி, சுற்றியிருந்த ஃபைபர்கிளாஸைப் பிளந்திருக்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். மூடி மறைத்தால் பாதுகாப்பு என்று நினைத்துத்தான் அதை ஃபைபர்கிளாஸுக்குள் புதைத்திருப்பார்கள்.

நல்ல காற்றில் படகு சாயும்போது பாய்மரத்தைப் பிடித்திருக்கும் பக்கக் கம்பிகள் இழுக்கிற இழுப்பெல்லாம் பாய்மரம் வழியாக இந்த ஒரு சாண் இடத்தில்தான் வந்து இறங்கும். படகின் மொத்த எடையையே தாண்டிவிடக்கூடிய அழுத்தம் அது. அதைப் பொடியின் மேல் நிறுத்தி இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன்.

தட்டைச் சுரண்டும்போது ஒரு செப்புக் காசு கிடைத்தது. முகம் தேய்ந்து பச்சையாக இருந்தது. எனக்கு முன்னால் படகை வைத்திருந்தவர் யாரோ நல்ல சகுனத்துக்கு வைத்தது. வழக்கம் மிகப் பழையது. 1962-ல் லண்டனில் தேம்ஸ் சேற்றிலிருந்து ஒரு ரோமானியக் கப்பலைக் கண்டெடுத்தார்கள். அதன் பாய்மரக் குழியிலும் காசு இருந்தது, தொமிதியன் பேரரசர் காலத்துக் காசு. ஆனால் அது மரப் பாய்மரம். செம்பு அலுமினியத்தை இரும்பைவிட வேகமாகத் தின்னும். என் பாய்மரத்தின் காலில் காசு இருந்த இடத்தில் காசு வடிவத்திலேயே ஒரு பள்ளம்.

மார்ச் 5
பள்ளத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் 7
பில்ஜைத் துடைத்து உலர்த்தினேன். கீல், அதாவது படகு கவிழாமலிருக்க அடியில் தொங்கும் கனத்த இரும்பு. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஒன்பது. முன்னிருந்து பின்னாக எண் போட்டேன். 5, 6, 9-ல் நட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை. இரண்டாவது மட்டும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. சுத்தியலால் தட்டினேன். எல்லாம் ஒரே மாதிரிதான் ஒலித்தன. இந்தச் சோதனையை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது.

வெளியே போய்ப் பார்த்தால், கீலும் உடலும் சேருகிற கோட்டில், முன்பக்கம், மெல்லிய வளைவாக ஒரு பிளவு. சிரிக்கிற வாய் மாதிரி. அழுத்தினால் தண்ணீர் கசிகிறது.

இதை மட்டும் நாக்கில் வைக்கத் தைரியம் வரவில்லை. பிறகு வைத்தேன். உப்பு.

மார்ச் 8
பழைய பயணக் குறிப்பேட்டை எடுத்தேன். இரண்டு வருடத்துக்கு முன், மகளின் கையெழுத்தில்: "மாலை 4.20. மணலில் தட்டியது. சேதம் இல்லை."

மணல் என்று அவளிடம் சொன்னது நான்.

மார்ச் 9
மணல் இல்லை.

மார்ச் 11
அல்ட்ராசோனிக் கருவியோடு ஒருவர் வந்தார். போல்ட்டின் தலையில் முனையை வைத்து ஒலியை உள்ளே அனுப்புகிறார். போல்ட் முழுதாக இருந்தால் ஒலி கடைசி வரை போய்த் திரும்பும். இரண்டாவதில் பாதியிலேயே திரும்பியது. மறுபடி வைத்தார். மறுபடியும் அங்கேயே.

"இதைக் கழற்றித்தான் பார்க்கணும்" என்றார். எனக்கு அந்த மின்னும் நட்டின் மேல்தான் கோபம் வந்தது.

மார்ச் 12, இரவு
2014 மே மாதம். அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிக்கி என்ற பாய்மரப் படகு. நாலு பேர். படகு கவிழ்ந்து மிதந்தது, கீல் இல்லை. உயிர்காப்புத் தெப்பம் கட்டின இடத்திலேயே இருந்தது. எடுக்கக்கூட நேரமில்லை. முன்பு தரைதட்டியதும் அதற்குப் பிறகு செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து கட்டமைப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று விசாரணை அறிக்கையில் இருக்கிறது. அந்த வரியை எத்தனை முறை படித்தேனோ தெரியாது.

அன்றைக்கு மாலை 4.20-க்குப் பிறகும் ஆறு மணி நேரம் ஓட்டினேன். அவள் கீழே தூங்கிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 13
போனில் மகளிடம் சொன்னேன். பாறை என்று. மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் என்று.

ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பின்பக்கம் பாத்தீங்களாப்பா?"

மார்ச் 14
அவள் கேட்டது சரி. பாறையில் மோதும்போது கீலின் முன்நுனி கீழே இழுபடும், பின்நுனி மேலே குத்தும். முன்னால் பிளவு தெரியும், உண்மையான சேதம் பின்னால் உள்ளே இருக்கும். நான் அன்றைக்கு முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சேதம் இல்லை என்றேன்.

ஒன்பதாம் போல்ட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றினேன். குறுக்குச் சட்டம் உடலோடு ஒட்டுகிற இடத்தில் விரிசல். என் முழங்கை நீளம்.

மார்ச் 17
கீல் பிரிந்தது. படகைக் கிரேனில் தொங்கவிட்டு, கீலை மரக்கட்டைகளில் நிறுத்தி, எல்லா நட்டையும் கழற்றிய பிறகும் நாலு மணி நேரம் வரவில்லை. ஆப்பு அடித்தோம், பழைய ஒட்டுப்பசையை ரம்பத்தால் அறுத்தோம். பிரிந்தபோது தரையே அதிர்ந்தது.

இரண்டாம் போல்ட் கையில் இருக்கிறது. மேலே 24 மில்லிமீட்டர், கீழே 24. நடுவே, சரியாக அந்தப் பிளவின் மட்டத்தில், 15. குறுக்குப் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குதான் மிச்சம். கறை படிந்த 5, 6, 9 மூன்றும் நன்றாகவே இருந்தன.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் உள்ள குரோமியம் ஆக்ஸைடு படலத்தால். அந்தப் படலம் கீறினால் தானே ஆறிக்கொள்ளும், ஆனால் அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். இடுக்கில் தேங்கின உப்புத் தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும். மேலே காற்றுப்பட்ட இடம் மின்னிக்கொண்டிருக்க, உள்ளே மூச்சு முட்டி அரித்திருக்கிறது.

பாறை திறந்த பிளவா, அதற்கு முன்பே இருந்ததா? இந்தக் கழுத்தைப் பார்த்து யாராலும் தேதி சொல்ல முடியாது. கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றார்கள்.

மார்ச் 18
போல்ட்டைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன்.

மார்ச் 21
பழைய போல்ட்டுகளில் ஏழு சூடுகாட்டியதும் வந்தன. இரண்டைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கீலின் மேல்முகத்தை இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, அன்றே எபாக்ஸி பிசின் பூசினேன். ஒரு இரவு விட்டாலும் துரு திரும்பிவிடும்.

மார்ச் 24
விரிசலைச் சுற்றி ஒரு பங்கு ஆழத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்று சரிவாகத் தேய்த்தேன். ஃபைபர்கிளாஸ் தூசி கழுத்தெல்லாம் அரிக்கிறது.

மார்ச் 26
விரிசல் மேல் ஃபைபர்கிளாஸ் பத்து அடுக்கு. நேற்றைய எபாக்ஸி மேல் மெழுகு மாதிரி ஒரு படலம். கழுவாமல் அடுத்த அடுக்கைப் போட்டிருந்தால் ஒட்டியிருக்காது. தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினேன். இரண்டு முறை. அப்புறம் இன்னொரு முறை.

மார்ச் 29
பாய்மரக் காலில் 30 மில்லிமீட்டர் அறுத்து எறிந்தேன். புதிய தட்டு ஃபைபர்கிளாஸ்-எபாக்ஸிப் பலகைகளை அடுக்கி ஒட்டியது, அதே 30 மில்லிமீட்டர் உயர்த்தி. கம்பிகளின் நீளம் மாற்ற வேண்டாம். உள்ளே இரும்பு இல்லை, மரமும் இல்லை. வடிகால் துளை இப்போது கட்டைவிரல் அளவு.

ஏப்ரல் 2
மகள் வந்திருக்கிறாள். பாறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் சுருக்கமாகச் சொல்ல ஆரம்பித்தேன், "அப்புறம் பேசலாம்பா" என்றாள்.

கீலைச் சேர்த்தோம். கெட்டியான எபாக்ஸி சுற்றிலும் பிதுங்கி வந்தது. முதலில் நட்டுகளை லேசாகத்தான் இறுக்கினோம், அதிகம் இறுக்கினால் எபாக்ஸி முழுக்கப் பிதுங்கிப் போய்விடும்.

ஏப்ரல் 5
இறுதி இறுக்கம். நடுவிலிருந்து இருபக்கமும், மூன்று சுற்று. புதுத் திரெட்டில் மசகு போடாவிட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நின்றுவிடும். போட்டால் அதே இறுக்க அளவில் போல்ட் அதிகமாக இழுபடும். இரண்டையும் கணக்கில் வைக்க வேண்டும். அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்சை அவள் பிடித்தாள், நான் எண்ணைச் சொன்னேன். இரண்டாவது வந்தபோது நிறுத்தி, பழைய போல்ட்டை வாங்கி, அந்தக் கழுத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு ரெஞ்சை எடுத்தாள்.

ஏப்ரல் 6
குறிப்பேட்டில் 'மணலில்' என்பதை அடித்துவிட்டு 'பாறையில்' என்று எழுதியிருக்கிறாள். 'சேதம் இல்லை' அடிபடாமல் அப்படியே இருந்தது. அதை நான் அடித்தேன்.

ஏப்ரல் 8
காசு வைக்க வேண்டும் என்கிறாள். வாதாடினேன். சரி, கடைசியில் அந்தப் பழைய காசையே எபாக்ஸிக்குள் முழுதாகப் புதைத்து, தட்டின் அடியில், அலுமினியம் தொட முடியாத இடத்தில்.

ஏப்ரல் 9
தண்ணீரில் இறக்கினோம். கிரேன் பெல்ட்டை அவிழ்க்காமல் அரை மணி நேரம் தாங்கி வைக்கச் சொன்னேன். ஒன்பது நட்டையும் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தோம். உலர்ந்திருந்தது. மாலை பாய்மரம் ஏறியது.

ஏப்ரல் 10
காலை 5.40. பில்ஜில் ஒரு கரண்டி தண்ணீர். நாக்கில் வைத்தேன். உப்பு.

அவளை எழுப்பிவிட்டேன். பின்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறோம்.