உடையக் கூடாத குமிழி

இதய ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் டெஃபினிட்டி என்ற மருந்தின் குப்பியைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது உள்ளே வெறும் தண்ணி மாதிரிதான் இருக்கும். அதற்கென்றே உள்ள சின்ன மெஷினில் சொருகினால் 45 விநாடி டர்ரென்று குலுக்கித் தள்ளும். வெளியே எடுத்தால் பால்! டொராண்டோவில் எக்கோ, அதாவது இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுக்கிற வேலையில் எனக்கு இன்னும் அலுக்காத காட்சி இது.

அந்தப் பால் முழுக்கக் குமிழிகள். மெல்லிய கொழுப்புத் தோல், உள்ளே பெர்ஃப்ளூட்ரென் வாயு. சராசரியாகச் சிவப்பணுவைவிடச் சின்னவை என்பதால், ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்றினால் நுரையீரலைத் தாண்டி இதயத்தின் இடது பக்கம் வந்துவிடும். மங்கிக் கிடந்த கீழறை ஸ்கிரீனில் வெள்ளையாக நிரம்பும். "காத்தையா ஏத்துறீங்க?" என்று பதறுகிறவர்களிடம், கொஞ்ச நேரத்தில் மூச்சோடு போய்விடும் என்பேன்.

இதில் என் கவலையெல்லாம் குமிழி உடையக் கூடாது என்பதுதான். அல்ட்ராசவுண்டின் அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் இதய நுனியில் குமிழிகள் வெடித்து, அந்த இடம் மட்டும் கலங்கிச் சுழலும். பழகும் காலத்தில் இதற்காக நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதே ஊரில் சன்னிபுரூக் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் மருத்துவர் கிரெகரி சர்னோட்டா குழுவினர் இப்படிப்பட்ட குமிழிகளை வேண்டுமென்றே உலுக்குகிறார்கள் என்று படித்தபோது சிரிப்பு வந்தது. குமிழிகள் ரத்தத்தோடு புற்றுக் கட்டிக்குள் போனதும், அங்கே மட்டும் அல்ட்ராசவுண்டைக் குவிக்கிறார்கள். குமிழி உப்பிச் சுருங்கி, ரத்தக் குழாயின் உள்சுவர் செல்களை அடிக்கிறது. அடிபட்ட செல்லில் செராமைடு என்ற கொழுப்பு கூடுகிறது. செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள அதுதான் தூண்டுதல். கூடவே கதிர்வீச்சும் விழ, குழாய் சிதைந்து கட்டிக்குச் சோறு தண்ணி நின்றுபோகிறது. கதிர் என்றால் புற்றுசெல்லின் டி.என்.ஏ.வை உடைப்பது என்று மட்டுமே நினைத்திருந்த எனக்கு இது புதுசு. எலிகளில் வளர்த்த மனிதப் புரோஸ்டேட் கட்டிகளில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 10 மடங்குக்கு மேல் செல்கள் செத்ததாக 2012ல் எழுதியிருக்கிறார்கள். கதிரின் அளவைக் குறைத்தும் அதே பலனைப் பெறலாம் என்றும்.

அந்த வரியில் நின்றுவிட்டேன். மதுரையில் பெரியம்மாவுக்கு மார்பில் 25 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். தோல் கறுத்து உரிந்து, ரவிக்கை போட முடியாமல், பெரியப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துப் போர்த்திக்கொண்டு ஃபேனுக்கு அடியிலேயே உட்கார்ந்திருப்பார்.

மார்பு, தலை-கழுத்துப் புற்றுநோயாளிகளிடமும் சன்னிபுரூக்கில் செய்து பார்த்திருக்கிறார்கள், எம்.ஆர்.ஐ. வழிகாட்ட. சிறிய, முதல் கட்ட ஆய்வுகள். பாதுகாப்பானதா என்பதுதான் அவற்றின் முதல் கேள்வி. இன்று நடக்கும் சிகிச்சையை யாரும் இதை நம்பித் தள்ளிப்போடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை போனில் பெரியம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ உடையாம பாத்துக்கிறதை அவங்க உடைக்கப் பாக்குறாங்களா?" என்றார்.

"ஆமா பெரியம்மா."

"அப்ப உனக்கு அங்க வேலை கிடைக்காது."