ஹிட்லரின் சாவு: கோப்புகளை எந்த முனையிலிருந்து பிரிப்பது?

ஹிட்லரின் மரணத்தை ஆராய உட்காருகிறவர்கள் பெரும்பாலும், அவர் தப்பிப் போனதாக வதந்தி சொல்லும் அர்ஜென்டினாவிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அதைப் பற்றிய அமெரிக்க எஃப்.பி.ஐ. கோப்புகள் இணையத்தில் சுலபமாகக் கிடைப்பதுதான் காரணம். பக்கம் பக்கமாகப் படித்த பிறகுதான் தெரியும், அதில் இருப்பவை 'அவரைப் பார்த்தேன்' என்று வந்த தகவல்களும், விசாரிக்கப் போய் வெறுங்கையோடு திரும்பிய குறிப்புகளும்தான் என்று. 1945 ஜூலை 10 அன்று யு-530, ஆகஸ்ட் 17 அன்று யு-977 என இரண்டு ஜெர்மன் நீர்மூழ்கிகள் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா துறைமுகத்தில் சரணடைந்தது உண்மை. அவற்றில் ஹிட்லர் வந்தார் என்பதற்குச் சான்று கிடையாது. அந்தக் கட்டை கடைசிக்குத் தள்ளிவைக்கலாம்.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துவைக்க வேண்டும். பெர்லினில் கிடைத்தது அவருடைய உடல்தானா என்பது ஒன்று. அவர் எப்படிச் செத்தார் என்பது மற்றொன்று. முதலாவதைப் பல் தீர்த்துவைக்கிறது. இரண்டாவதற்குச் சாட்சிகளிடம் போகாமல் முடியாது. பத்திரிகைகளில் கிளம்பும் 'புதிய மர்மம்' பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில் உள்ள ஓட்டையைக் காட்டி முதலாவதைச் சந்தேகப்படுவதுதான்.

பல்லிலிருந்தே தொடங்குவோம். 1945 ஏப்ரல் 30 பிற்பகல், பெர்லினில் ஹிட்லரின் அரசு அலுவலகமான சான்சலரி மாளிகைத் தோட்டத்தில் ஹிட்லர், அவர் மனைவி ஏவா பிரவுன் உடல்கள் மீது ஊற்ற ஏறக்குறைய 200 லிட்டர் பெட்ரோல் தேடிக் கொண்டுவந்தார்கள். உடலைச் சாம்பலாக்க அது போதாது. திறந்த வெளியில் பெட்ரோல் சட்டென்று பற்றிச் சட்டென்று தீர்ந்துவிடும், கொஞ்சம் மண்ணும் குடித்துவிடும். எலும்பு உதிர வேண்டுமென்றால் மூடிய அடுப்பில் மணிக்கணக்கில் கடும் சூடு நிற்க வேண்டும். மேலே சோவியத் குண்டுகள் விழுந்துகொண்டிருந்ததால் பக்கத்தில் நின்று எரிக்கவும் ஆளில்லை. சதை கருகியது, தாடையும் பற்களை இணைத்துக் கட்டிய தங்கப் பிரிட்ஜும் தங்கின.

சோவியத் எதிர்உளவுப் பிரிவான ஸ்மெர்ஷ் மே மாதத் தொடக்கத்தில் ஒரு குண்டுப் பள்ளத்திலிருந்து இரண்டு உடல்களையும் இரண்டு நாய்களையும் தோண்டியெடுத்தது. மே 8 அன்று பெர்லினின் புக் பகுதியில் ஃபௌஸ்ட் ஷ்கராவ்ஸ்கி தலைமையிலான குழு பிரேதப் பரிசோதனை செய்தது. அந்த அறிக்கையை வரி வரியாக நம்பிவிடக் கூடாது. உயரம் 165 செ.மீ. என்று எழுதியிருக்கிறது, ஹிட்லர் ஏறத்தாழ 175 செ.மீ. கருகிய உடல் சுருங்கும் என்பதால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை. இடது விதை காணவில்லை என்ற வரியோ, 1923-இல் ஹிட்லர் அடைபட்டிருந்த லாண்ட்ஸ்பெர்க் சிறையின் மருத்துவர் வலப்பக்கத்தில்தான் குறை என்று எழுதிய குறிப்போடு மோதுகிறது. இந்த அறிக்கையில் நமக்கு வேண்டியது பல் வரிசைதான். மேல்தாடையில் தங்கப் பிரிட்ஜால் இணைந்த ஒன்பது பற்கள். கீழ்த்தாடையில் பதினைந்து, அவற்றில் பத்து செயற்கை. தாடைகளைத் தனியே கழற்றி ஒரு சிறு பெட்டியில் போட்டு, மொழிபெயர்ப்பாளர் யெலேனா ரிஷெவ்ஸ்கயாவிடம் கொடுத்தார்கள்.

அடையாளம் கண்ட முறையைக் கவனித்துப் படிக்க வேண்டும், நேர்மையான சோதனைக்கு அது நல்ல மாதிரி. ஹிட்லரின் பல் மருத்துவர் ஹூகோ பிளாஷ்கே பெர்லினை விட்டுப் போயிருந்தார். உதவியாளர் கேத்தே ஹாய்ஸர்மானும் பல் கட்டும் தொழில்நுட்பர் ஃப்ரிட்ஸ் எக்ட்மானும் கிடைத்தார்கள். பொருளைக் காட்டுவதற்கு முன்பே ஹாய்ஸர்மானிடம் நினைவிலிருந்து விவரம் கேட்டார்கள். 1944 இலையுதிர் காலத்தில் மேல்தாடை இடப்பக்கத்தில் ஆறாவது பல்லைப் பிடுங்க, பிளாஷ்கே பிரிட்ஜை நாலாம், ஐந்தாம் பற்களுக்கு நடுவே டிரில்லால் அறுத்தார் என்று அவர் சொன்னார். பெட்டியைத் திறந்தபோது தங்கத்தில் அந்த அறுத்த தடம் இருந்தது. இப்படிப்பட்ட அடையாளத்தைப் போலியாகச் செய்துவைப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

அடுத்தது இன்னொரு கையிலிருந்து வந்த சான்று. 1944-இல் எடுத்த ஹிட்லரின் தலை எக்ஸ்ரேக்கள் அமெரிக்கர்களிடம் சிக்கின. பிளாஷ்கேயும் அமெரிக்கர்களிடம் மாட்டி, நினைவிலிருந்து பல் வரைபடம் கொடுத்தார். ரெய்டார் சோக்னஸ், ஃபெர்டினாண்ட் ஸ்ட்ரோம் இருவரும் இவற்றை சோவியத் அறிக்கையோடு ஒப்பிட்டு 1973-இல் வெளியிட்டார்கள், எல்லாம் பொருந்தின. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத இரண்டு தரப்பின் பொருள்கள் பொருந்தியதால்தான் இதற்கு இவ்வளவு கனம்.

எப்படிச் செத்தார் என்ற கேள்வியில்தான் கால் வழுக்கும். பிரிட்டிஷ் உளவுத்துறையின் டிக் வைட் சொல்லி, 1945 செப்டம்பரில் வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் விசாரணையில் இறங்கினார்; நவம்பர் 1 அன்று முடிவை அறிவித்தார். தப்பியோடவில்லை, செத்துவிட்டார் என்ற அவருடைய முடிவு நிலைத்தது. ஆனால் ஹிட்லர் வாய்க்குள் சுட்டுக்கொண்டதாக ட்ரெவர்-ரோப்பர் எழுதினார். ஹிட்லர் இறந்த பதுங்குகுழி அறைக்குள் முதலில் நுழைந்தவர்களில் இருவரான, அவருடைய பணியாளர் ஹைன்ஸ் லிங்கேயும் உதவி அதிகாரி ஓட்டோ குன்ஷேயும் அப்போது சோவியத் சிறையில் இருந்ததால் அவர்களைக் கேட்க வழியில்லை. ஹிட்லர் இளைஞர் அணித் தலைவர் ஆர்தர் ஆக்ஸ்மானைப் போன்றவர்கள் இரு நெற்றிப்பொட்டிலும் ரத்தம் கண்டு ஊகித்ததைத்தான் கேட்க முடிந்தது. 1955, 1956-இல் லிங்கேயும் குன்ஷேயும் விடுதலையாகி வந்து வலது நெற்றிப்பொட்டு என்றார்கள். பெர்க்டெஸ்காடன் நீதிமன்றம் நாற்பதுக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1956 அக்டோபரில் மரணத்தைச் சட்டப்படி அறிவித்தது. ஆகவே ஒவ்வொரு வாக்குமூலத்தின் ஓரத்திலும் மூன்றைக் குறித்துக்கொள்வது நல்லது: அவர் கண்ணால் பார்த்தாரா, எந்த ஆண்டில் சொன்னார், யாருடைய காவலில் இருந்தபோது சொன்னார். லிங்கே, குன்ஷே இருவரையும் அடித்து உதைத்து விசாரித்து 1949 டிசம்பரில் ஸ்டாலினுக்காகத் தயாரித்த 413 பக்கக் கோப்பும், அதே ஆட்கள் பிறகு சுதந்திரமாகச் சொன்னதும் ஒரே மதிப்பு உடையவை அல்ல.

இதில் மாஸ்கோ செய்த குளறுபடி தனி அத்தியாயம். பல் அடையாளம் மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. ஆனாலும் மே இறுதியில் அமெரிக்கத் தூதர் ஹாப்கின்ஸிடமும் ஜூலையில் போட்ஸ்டாம் மாநாட்டிலும் ஹிட்லர் உயிரோடிருக்கலாம் என்றே ஸ்டாலின் பேசினார். ஜூன் 9 அன்று சோவியத் தளபதி ஜுகோவ், உடல் அடையாளம் காணப்படவில்லை என்று நிருபர்களிடம் சொன்னார். அவரிடமே உண்மையை மறைத்திருந்தார்கள். ஹாய்ஸர்மானுக்குக் கிடைத்தது பத்தாண்டுச் சிறை. ஹிட்லரின் பல்லுக்கு வைத்தியம் பார்த்துப் போரை நீட்டிக்க உதவினாராம். உலகத்தில் இவ்வளவு வதந்தி கிளம்பியதற்கு முக்கியக் காரணம் இந்த மௌனம்தான்.

1945 அறிக்கை சயனைடு என்று முடித்தது. வாயில் விஷக் குப்பியின் கண்ணாடிச் சில்லுகள் இருந்தன. மண்டையோட்டின் ஒரு பகுதி இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. 1946-இல் 'மித்' (கட்டுக்கதை) என்ற பெயரில் சோவியத் உள்துறை மறுவிசாரணை தொடங்கி, அதே பள்ளத்தில் குண்டு துளைத்த மண்டையோட்டுத் துண்டுகளை எடுத்தது. உடலை மறுபரிசோதனைக்குக் கொடுக்க, அதை வைத்திருந்த போட்டித் துறையான எதிர்உளவுப் பிரிவு மறுத்துவிட்டது. இரண்டு துறைகளின் பூசல் காரணமாகத் துண்டும் உடலும் ஒரே மேசைக்கு வரவேயில்லை. 1970 ஏப்ரலில் கே.ஜி.பி. ஜெர்மனியின் மக்டெபுர்க் நகரில் புதைத்திருந்த மிச்சத்தைத் தோண்டி எரித்து ஆற்றில் கரைத்தது. முன்பே கழற்றியிருந்ததால் தாடை மட்டும் பிழைத்தது.

ஆகவே 2009-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் அந்த மண்டையோட்டுத் துண்டின் டி.என்.ஏ. பெண்ணுடையது என்று வந்தபோது, செய்தித்தாள்கள் சொன்னதுபோல எதுவும் இடிந்து விழவில்லை. அந்தத் தோட்டத்தில் பல பிணங்கள் கிடந்தன; துண்டு எடுத்ததோ ஓராண்டு கழித்து. துண்டு ஹிட்லருடையது இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் தாடைக்கு அதனால் ஒன்றும் ஆகாது, இரண்டும் வெவ்வேறு ஆண்டில், வெவ்வேறு துறையின் கையில் சிக்கிய வெவ்வேறு பொருள்கள். இன்றும் துண்டு ரஷ்ய அரசு ஆவணக் காப்பகத்தில், தாடை ரஷ்யப் பாதுகாப்புத் துறையான எஃப்.எஸ்.பி.யின் காப்பகத்தில். எந்தக் கட்டுரையைப் படித்தாலும் அது எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறது என்று முதலில் பாருங்கள்.

பிலிப் ஷார்லியே குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வு தாடையைப் பற்றியது. பல்லின் காறையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்ததில் இறைச்சி நார் இல்லை, ஹிட்லர் சைவ உணவுக்காரர் என்பதோடு இது பொருந்துகிறது; துப்பாக்கி மருந்தின் தடயமும் இல்லை, எனவே வாய்க்குள் சுட்ட கதை இன்னும் பலவீனமாகிறது. செயற்கைப் பல்லில் இருந்த நீலநிறப் படிவு சயனைடு உலோகத்தோடு வினைபுரிந்ததாக இருக்கலாம் என்பது ஊகம்தான். குப்பியைக் கடித்துக்கொண்டே சுட்டாரா, சுட்டது மட்டும்தானா என்பதில் லிங்கே, குன்ஷே வாக்குமூலம் ஒரு பக்கமும் கண்ணாடிச் சில்லு மறுபக்கமும் நிற்கின்றன. சோதித்துப் பார்க்க உடல் இல்லை.