ஓட்ஸ் ஜீனோம்: டி எழுத்தில்தான் மதிப்பெண் போகிறது

சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு ரிசல்ட் வந்த சூட்டோடு, வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் லைஃப் சயின்ஸ் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இது. கோதுமையின் ஏஏபிபிடிடியைக் கரைத்துக் குடித்திருப்பீர்கள் (ஒவ்வொரு எழுத்தும் ஒரு மூதாதையிடமிருந்து வந்த குரோமோசோம் தொகுதி, அதாவது ஜீனோம்). ஓட்ஸ் கேள்வியில் அதுவே காலை வாரும்.

கோதுமையின் டி, ஏஜிலாப்ஸ் டாஷியை என்ற புல்லிலிருந்து வந்தது. ஓட்ஸ் ஏஏசிசிடிடி, அதன் டி வேறு. எழுத்து ஒன்று, ஆள் வேறு. ஓட்ஸின் டி அதன் ஏ தொகுதிக்குத்தான் நெருங்கிய சொந்தம்; டி மட்டும் உள்ள இருமடியச் செடி (இரண்டே தொகுதி கொண்டது, டிடி) இதுவரை கிடைக்கவில்லை. பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தேர்வின் பார்ட் சியில் விடை தப்பானால் நான்கு மதிப்பெண்ணும் போய், கையிலிருப்பதில் ஒன்றும் கழியும்.

ஓட்ஸ் உருவான வரிசை (எண்கள் குரோமோசோம் எண்ணிக்கை):
- இன்சுலாரிஸ் என்ற காட்டு ஓட்ஸ் போன்ற நான்மடியம் (நான்கு தொகுதி), சிசிடிடி, 28
- லாஞ்சிகுளுமிஸ் என்ற காட்டு ஓட்ஸ் போன்ற இருமடியம், ஏஏ, 14
- கலந்தால் இரண்டிலிருந்தும் பாதி வரும்: 14+7=21, மலடு
- இரட்டித்தால் 42

பழைய புத்தகங்களில் இன்சுலாரிஸ் ஏஏசிசி என்றிருக்கும். அடித்துத் திருத்துங்கள்.

42 வந்ததும் பயிர் வந்துவிடவில்லை. முதலில் ஸ்டெரிலிஸ் என்ற காட்டு ஓட்ஸ். அதில் சிறுகதிர் முழுசாக உதிரும். களையான ஃபட்டுவாவில் மணி மணியாக உதிரும். பயிரான சட்டைவாவில் அறுவடை வரை கதிரிலேயே நிற்கும். மூன்றுக்கும் 42தான், எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. வண்ணாரப்பேட்டை மளிகைக்கடை பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தும் பயனில்லை: உமி நீக்கி, ஆவி காட்டி, நசுக்கிய மணி அது. உதிரும் இடத்தைப் படம் போட்டுத்தான் பழக வேண்டும்.

ரஷ்யத் தாவரவியலாளர் வாவிலோவ் சொன்ன இரண்டாம் நிலைப் பயிருக்கு (களையாக இருந்து பயிரானது) இரண்டு வரி போதும்: ஓட்ஸ் எம்மர் கோதுமை வயலில் களையாகக் கூடவே போனது, குளிரும் ஈரமும் கூடிய வடக்கில் கோதுமை தளர, ஓட்ஸ் தழைத்தது.

கணக்குக்கு வருவோம். ஓட்ஸில் எக்ஸ் (ஒரு தொகுதியின் குரோமோசோம் எண்ணிக்கை) 7, என் (கேமீட் எனும் பாலணுவில் உள்ள எண்ணிக்கை) 21. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் எல்லா விடையும் தப்பாகும்.

சட்டைவா × ஸ்ட்ரைகோசா (இருமடிய ஓட்ஸ், ஏஏ, 14): 21+7=28. 28ஐக் கண்டதும் ‘வளமான நான்மடியம்’ என்று பலர் டிக் அடித்துவிடுவார்கள். கேமீட் எழுத்துகளை முதலில் எழுதுங்கள்: ஏசிடி + ஏ. சி, டி இரண்டுக்கும் சரியான ஜோடி இல்லை, அதனால் மலடு. குரோமோசோமை இரட்டிக்கும் கோல்ச்சிசின் மருந்து கொடுத்து இரட்டித்தால் 56.

சட்டைவா × இன்சுலாரிஸ்: ஏசிடி + சிடி, 21+14=35. இங்கே தனித்து நிற்பது ஏ மட்டும்.