அசையாத நீரை அசையாமல் வைக்கப் பட்ட பாடு

இலங்கை மலையகத்தின் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றும் காலங்களில், அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் நீருக்கு மேலே தலைகாட்டும். அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, பொறியியல் இறுதியாண்டு ஆய்வுக்கு, அணை உடைந்தால் வெள்ளம் எப்படிப் பாயும் என்பதைக் கணினியில் கணிக்கும் தலைப்பையே தேர்ந்தெடுத்தேன். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை அப்பா அடிக்கடி சொல்வார்.

தொடக்கம் எளிதாகவே இருந்தது. உராய்வற்ற, சமதளமான, வறண்ட கால்வாயில் அணை சட்டென்று நீங்கும் நிலைக்கு ஜெர்மானிய அறிஞர் ரிட்டர் 1892இலேயே தீர்வு எழுதியிருக்கிறார். நீர் 10 மீற்றர் ஆழமாயின், அணை இருந்த இடத்தில் ஆழம் 4.44 மீற்றராக நிற்கும். அலைமுனை செக்கனுக்கு 19.8 மீற்றர் வேகத்தில் ஓடும். ஆழமற்ற நீரோட்டச் சமன்பாடுகளைத் தீர்க்கும் என் நிரல் ஆழத்தைச் சரியாகத் தந்தது. முனை மட்டும் சற்றுப் பின்தங்கியது. கால்வாயைப் பிரித்த சிறு துண்டான ஒவ்வொரு கலத்தின் அகலமும் 5 மீற்றர் என்பதால், கணிப்பு ஒரு தடவை முன்னேறும் நேரமான காலப்படியைக் கால் செக்கனுக்குள் அடக்க வேண்டியிருந்தது. அதை மீறிய அன்று விடைகள் ஓரிரு படிகளிலேயே வெடித்துச் சிதறின.

உண்மையான இடர் மலையோடு வந்தது. சமவுயரக் கோடுகளிலிருந்து எடுத்த பள்ளத்தாக்கின் அடித்தளத்தைப் புகுத்தி, அணையை உடைக்காமல், நீரை வெறுமனே நிற்கவிட்டு நிரலை ஓட்டினேன். காற்றும் மழையும் இல்லாத அந்தக் குளத்தில் தானாகவே நீரோட்டம் கிளம்பியது! மூன்று வாரம் உராய்வுக் குணகத்தைக் குறைசொல்லி வீணடித்தேன். பிழை வேறிடத்தில் இருந்தது: அழுத்த வேறுபாட்டை ஒரு விதமாகவும் அடித்தளச் சரிவின் விசையை இன்னொரு விதமாகவும் கணித்திருந்ததால், ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டிய இரண்டும் மிச்சம் விட்டன. கலங்களின் எல்லையில் ஆழத்தை நீர்மட்டத்திலிருந்து மீளக் கட்டியெழுப்பும், ஓடூஸும் அவருடைய சகாக்களும் 2004இல் வெளியிட்ட முறையைச் சேர்த்த பிறகே குளம் அடங்கியது.

ஈரமும் வறட்சியும் சந்திக்கும் கரையில், பாய்ச்சலை ஆழத்தால் வகுக்கும்போது வேகம் எல்லை கடந்ததால், ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்த நீரில் வேகத்தைச் சுழியமாக்கினேன். இது அழகான தீர்வல்ல, ஆனால் வேலை செய்தது.

ஆழமற்ற நீரோட்டச் சமன்பாடுகள் மென்சரிவையும், மேலுள்ள நீரின் எடையால் மட்டும் உண்டாகும் நீர்நிலை அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் பின்னால் செங்குத்தாக இறங்கும் ஓடைப்பகுதியின் விடைகளை, முழுதாக நம்ப முடியாதவை என்று காட்ட, வரைபடத்தில் புள்ளிக்கோட்டாலேயே வரைந்து கொடுத்தேன்.